கிணறும் தோட்டமும் ஒரே மணலில்
நிலப் பயன்பாட்டைத் திட்டமிடல்: நாம் அறிய வேண்டியவை

நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்றவுடன், அது கச்சேரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருப்பவர்களின் வேலை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது, எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்ற தீர்மானமே அது. கற்பிட்டிக் குடாநாட்டில் பத்துப் பேர்ச்சஸ் காணியில் குடியிருக்கும் குடும்பமும், கிணறு வெட்டும் நாளில் இதே தீர்மானத்தைத்தான் எடுக்கின்றது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். போரினால் வேறு குடும்பங்களும் இங்கு வந்தன. முசலியின் குளத்து வயல்களில் கமம் செய்தவருக்கு இக்கரையோர மணல் புதிது. அங்கே தண்ணீரைக் குளம் காத்தது. இங்கே அதைக் காப்பது மணல் மட்டுமே.

மணலுக்கு அடியில்

கற்பிட்டிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலே வரும்.

பசளை எங்கே போகின்றது?

வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகியவற்றுக்கு இம்மணலில் அதிகம் பசளை இடுகின்றோம், அடிக்கடி நீர் பாய்ச்சுகின்றோம். மணல் பசளையைப் பிடித்து வைத்திருக்காது. பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரில் சேர்கின்றது. லோரன்ஸ், குருப்பு ஆரச்சி ஆகிய ஆய்வாளர்கள் கற்பிட்டி நிலத்தடி நீரைப் பற்றி 1986ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துக் காட்டினர்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஏற்கும் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம்; உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நிறத்திலோ சுவையிலோ அது தெரியாது.

திட்டமில்லாத இடத்தில் நடந்தது

1980களில் இம்மாவட்டக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பரவின. கண்டற்காடுகள் வெட்டப்பட்டன. அருகருகே வெட்டிய குளங்கள் ஒரே நீரை உள்ளெடுத்து, அதற்குள்ளேயே கழிவையும் விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை தாவியது. பல குளங்கள் கைவிடப்பட்டன. உப்பேறிய அந்நிலத்தில் நெல்லோ தென்னையோ இலகுவில் வராது. ஒருவர் தம் காணியில் செய்வது அவருடைய வேலியோடு நிற்பதில்லை.

வரைபடத்தில் நாம் எங்கே?

50,000க்கு ஒன்று என்ற அளவில் வரையும் நிலப் பயன்பாட்டுப் படத்தில் ஒரு ஏக்கர் கடுகளவுதான். நமது கிணறும் மலசலகூடமும் அதில் தெரியா. குத்தகைக்குத் தோட்டம் செய்பவரின் பெயர் காணிப் பதிவிலும் இருப்பதில்லை. அடுத்த போகம் இக்காணி கிடைக்குமோ என்று அறியாதவர் அதில் மரம் நடுவாரா, எருப் போடுவாரா? ஆகவே நிலத்தின் பாதுகாப்பும் குடும்பத்தின் காணி உரிமையும் சேர்த்தே பேசப்பட வேண்டியவை.

நாம் செய்யக் கூடியவை

1. கிராமத்தவர் கூடி ஒரு படம் வரையுங்கள். கிணறு, மலசலகூடம், தோட்டம், பள்ளம், உப்பு ஏறிய இடம் யாவற்றையும் குறியுங்கள். தண்ணீர் அள்ளும் பெண்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்; எந்தக் கிணறு எம்மாதத்தில் உவர்க்கும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

2. நிலத்தடி நீர் பொதுவாகக் குடாநாட்டின் நடுவிலிருந்து கரையை நோக்கி நகரும். ஆகவே குடிநீர்க் கிணறு உட்புறமாகவும், மலசலகூடம் கரைப்புறமாகவும் அமையட்டும். இடையே 50 அடியாவது விடுங்கள். மணலில் இன்னும் தூரம் நல்லது.

3. சிறு காணிகளில் இது இயலாதாயின், சில குடும்பங்களுக்குப் பொதுவாகத் தோட்டத்துக்கு அப்பால் ஒரு கிணறு வையுங்கள்.

4. யூரியாவைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடுங்கள். கூட்டெரு சேர்த்தால் மணல் ஈரத்தையும் சத்தையும் பிடிக்கும். அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

5. கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் வரை குழந்தைக்கு இந்நீர் வேண்டியதில்லை.

6. குத்தகையை எழுத்தில், பல போகங்களுக்குச் செய்துகொள்ளுங்கள்.

வரைந்த படத்தின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்து, இன்னொன்றைக் கிராமத்தில் வைத்திருங்கள். அடுத்த திட்டத்தை எழுதுபவர் அதை மேசையில் காண வேண்டும். சொந்த ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவருக்கும் இது வீண் வேலையல்ல. போகும் நாள் வரை குழந்தைகள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். போன பின்னும் இதைக் குடிக்க இங்கே அயலவர் இருப்பர்.