தொட்டிச் செடியின் வாட்டம்

ரோஜாவாயினும் குரோட்டன்ஸாயினும் இலை தொங்கக் கண்டவுடன் ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து சாய்த்துவிடுவது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். வாட்டமானது இலைக்கு வேண்டிய அளவு நீர் எட்டவில்லை என்பதை மாத்திரம் அறிவிக்கும். தொட்டியில் நீரில்லை என்று அறிவிப்பதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே தொட்டிச் செடிகள் பல தாகத்தாலன்றி வெள்ளத்தால் மடிகின்றன.

செடியின் நீர்ச்செலவு சிறிதன்று. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தொட்டியில் வளர்ந்த மூன்றரையடிச் சூரியகாந்தி ஒன்றைப் பல நாள் தராசிலிட்டு நிறுத்து, பன்னிரண்டு மணி நேரப் பகலில் அது சராசரி 1 ராத்தல் 4 அவுன்சு நீரை ஆவியாக விட்டதெனத் தமது 1727ஆம் ஆண்டு நூலில் எழுதினார். அவ்வளவையும் வேரே கொணர்தல் வேண்டும். கடும் வெயிலில் வரவினும் செலவு மிகுதலால், நண்பகலில் சோர்ந்த செடி மாலையில் தானே நிமிரும். அது வியாதியன்று.

மாலையிலும் நிமிராததையே நாம் பரீட்சிக்க வேண்டும். விரலை இரண்டங்குலம் மண்ணுட் செலுத்துக. மண்தொட்டியை விரல் மடக்கித் தட்டினால், உலர்ந்தது கணீரென ஒலிக்கும். ஈரமுள்ளது மந்தமாக ஒலிக்கும். பிளாஸ்டிக் தொட்டி இவ்வாறு பேசாது. அதனைத் தூக்கி எடையறிதலே வழி.

மண் உலர்ந்திருப்பின் சிகிச்சை எளிது. ஆயினும் மிக உலர்ந்த மண் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிநிற்கும். மேலே ஊற்றும் நீர் அவ்விடுக்கின் வழியே ஓடி, வேரை நனையாமலே வெளியேறிவிடும். ஆதலின் தொட்டியை நீருள்ள அகன்ற பாத்திரத்தில் அமிழ்த்தி, குமிழிகள் எழுவது நின்றபின் எடுத்து நிழலில் வடியவிடுக.

மண் ஈரமாயிருந்தும் செடி வாடுமாயின் விஷயம் வேறு. வேரும் சுவாசிப்பதொன்று. மண்ணின் நுண்ணிடைவெளிகளில் நீர் தேங்கினால் பிராணவாயு வேரை எட்டுதல் அரிதாம். ஏனெனில் நீரினூடே அது பரவும் வேகம் காற்றிற் பரவுவதில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கேயாம். மூச்சுத்திணறும் வேரணுக்கள் தம் சவ்வுகளிலுள்ள நீர்வாயில்களை அடைத்துக்கொள்கின்றன என்பது 2003ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகின்றது! பின்னர்ப் பூஞ்சணத்தை ஒத்த நுண்ணுயிர்கள் புகுந்து வேரை அழுகச் செய்யும். இந்நிலையில் ஊற்றப்படும் செம்புநீர் கேட்டை விரைவிக்குமேயன்றித் தணிக்காது.

இத்தகைய செடியைத் தயங்காது கவிழ்த்து மண்ணுருண்டையோடு வெளியே எடுத்துவிடுக. நல்ல வேர் வெளிறி உறுதியாயிருக்கும். அழுகியது பழுப்பாய், நாற்றமுற்று, இழுத்தால் மேற்றோல் உறைபோற் கழன்று நடுநூல் மாத்திரம் நிற்கும். அழுகியவற்றைக் கூரிய கத்தியால் நீக்கி, மணல் கலந்த புதுமண்ணில், அடித்துளை அடைபடாதவாறு ஓட்டுச்சில்லு வைத்து நடுக. வேர் குறைந்தமையால் இலையிலும் ஒரு பகுதியைக் கழித்தல் நலம். அடித்தட்டில் நீர் தங்கவிடலாகாது. புதுத்தளிர் காணுமளவும் செடி நிழலிலேயே இருக்கட்டும். அதுவரை எருவும் வேண்டா.