மூன்று ஷவர், ஒரே நேரம்: பில்லில் எழுதச் சொல்லுங்கள்

மலையகத்துப் பழைய துரை பங்களாக்களில் குசினிக்குப் பின்னால் விறகில் எரியும் போய்லர் இருந்தது. பங்களாச் சமையற்காரரான அப்பு விடியற்காலையில் மூட்டிவிட்டால் எல்லாப் பாத்ரூமுக்கும் சுடுதண்ணீர் போகும். இன்று அந்தப் பங்களாக்களில் பல விடுதிகளாகிவிட்டன. இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் பக்கம் அண்ணன் தம்பி சேர்ந்து கட்டும் மாடி வீடுகளிலும் மூன்று நான்கு ஷவர். பழைய ஹீட்டர் ஓட்டை விழுந்து புதியது வாங்கப் போனால், "ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு இன்ஸ்டன்ட் ஹீட்டர் போடுங்க, மலிவு" என்பார்கள் கடையில்.

மலிவுதான், கொழும்புக்கு. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஏறக்குறைய 70 வாட் வேண்டும். குளிர்ந்த காலையில் நம் குழாய்த் தண்ணீர் 15 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 40 பாகைக்குக் கொண்டுவந்து நிமிடத்துக்கு 8 லீற்றர் விட 14 கிலோவாட் தேவை. கடையில் இருக்கும் 3.5 கிலோவாட் ஹீட்டரோ 2 லீற்றர்தான் தரும். கொழும்பில் தண்ணீரே 28 பாகையில் வருவதால் அதே ஹீட்டர் அங்கே இரண்டு மடங்கு தருகிறது.

அடுத்தது மீற்றர். 30 அம்பியர் ஒற்றை பேஸ் இணைப்பு 230 வோல்ட்டில் 6.9 கிலோவாட் வரைதான் தாங்கும். அத்தகைய இரண்டு ஹீட்டரை ஒன்றாகப் போட்டாலே எல்லை தாண்டிவிடும். பிரேக்கர் விழுகிறதே என்று அதை மாற்றிப் பெரியதைப் போட்டுத் தருகிற வயரிங் பாஸ்மார் இருக்கிறார்கள். வயர் பழையதாகவே இருக்க பிரேக்கரை மட்டும் பெரிதாக்குவது, சுவருக்குள் நெருப்பு வைப்பதற்குச் சமம். எந்த ஹீட்டராக இருந்தாலும் ஒழுங்கான ஏர்த்தும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்சும் வேண்டும். ஈர உடம்போடு நிற்கும் இடத்தில் இதில் பேரம் கிடையாது.

பெரிய வீட்டுக்கு என் வாக்கு தாங்கி வைத்த கீசருக்கே. மூன்று பேர் எட்டெட்டு நிமிடம் குளித்தால் 40 பாகை நீர் 192 லீற்றர் போகும். தாங்கியில் 60 பாகையில் இருந்தால் அதற்கு 107 லீற்றர் போதும். ஆனால் எடுக்க எடுக்கக் குளிர்நீர் உள்ளே கலந்துவிடுவதால் 150 லீற்றர் தாங்கியே பாதுகாப்பு. 60க்குக் குறைத்து வைத்தால் லெஜியோனெல்லா பக்டீரியா வளர இடமுண்டு. 60லேயே ஷவருக்கு விட்டால் சில நொடியில் தோல் வெந்துவிடும். கலக்கும் வால்வும் அமுக்கம் விடும் வால்வும் இல்லாத கீசரை வாங்காதீர்கள்.

செலவையும் பாருங்கள். அந்தத் தாங்கியை ஒருமுறை முழுதாகச் சூடேற்ற 8 யூனிட். தினமும் என்றால் மாதம் 240. வீட்டுப் பாவனைக்கு 180 யூனிட்டைத் தாண்டியதும் மிக உயர்ந்த கட்டணம் தொடங்குகிறது. சூரிய வெப்பமூட்டி இதைக் குறைக்கும். மூடுபனி நாட்களுக்கு மின் உதவி அதில் கட்டாயம். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் ஹீட் பம்பும் உண்டு, விலைதான் கூட.

கேஸ் ஹீட்டர் தண்ணீரைத் தாராளமாகத் தரும். ஆனால் பாத்ரூமுக்குள் மாட்டினால் அது உயிருக்கு உலை. நெருப்பு குறைந்த காற்றில் எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றி விழுந்த பிறகுதான் தெரியும். வெளிச்சுவரில், புகைக்குழாயோடு மாட்ட வேண்டும். 2021 இறுதியில் நாடெங்கும் கேஸ் வெடிப்புகள் நடந்தபோது சிலிண்டரில் உள்ள புரொப்பேன், பியூட்டேன் விகிதம் பெரிதாகப் பேசப்பட்டது. பியூட்டேன் கூடினால் குளிரில் வாயுவாக மாறத் தயங்கும் என்பதும் நமக்கு முக்கியம்.

விறகு போய்லரையே திருத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: மேலே போகும் ஆவிக்குழாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும்.

இனி உரிமை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி, அவர் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டமே சேர்த்துக்கொள்கிறது. "அந்த பிராண்டைக் குடுங்க" என்று பெயர் சொல்லி வாங்கினால் அந்தக் காப்பு போய்விடலாம். ஆகவே பெயரைச் சொல்லாமல் தேவையைச் சொல்லுங்கள். "இராகலை, மூன்று ஷவர், ஒரே நேரம்" என்று பில்லில் எழுதி, மாடல் எண், கிலோவாட், லீற்றர், தாங்கிக்கும் எலிமென்ட்டுக்கும் தனித்தனி வாரண்டிக் காலம் எல்லாவற்றையும் போட்டு ஒப்பம் வாங்குங்கள். பில் தருவது அவர்கள் கடமை. கம்பனி ஆள் மாட்டாவிட்டால் வாரண்டி செல்லாது என்று அட்டையில் இருக்கிறதா என்பதையும் காசு கொடுக்க முன்னே வாசியுங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. அழைப்போடு நின்றுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐந்து வருட வாரண்டியைக் காட்டி "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுத்தடிப்பவரிடம் பலர் இந்தக் கெடுவைத்தான் தொலைக்கிறார்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. மூன்று மாதம் கடந்துவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அதிலும் தீராவிட்டால் நீதிமன்றம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.