மாட்டு வண்டியும் சிறு டிராக்டரும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் செல்வோர் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்னும் பெயர்ப்பலகைகளைக் காண்பர். முன்னது ஆங்கிலச் சொல், அடுத்தது மலாய்ச் சொல். இரண்டும் எருமையையே குறிப்பன. லெம்பு என்பது மலாயில் பசுவினம். தேக்காவை அடுத்துள்ள பழைய மகப்பேற்று மருத்துவமனையின் பெயரில் விளங்கும் கண்டாங் கெர்பாவ் என்பதோ எருமைத் தொழுவம். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பும் புல்லும் கால்நடைகளுக்கு ஏற்றவையாக இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வாணிகம் செழித்தது. அதனைச் சார்ந்து வண்டித் தொழிலும் வளர்ந்தது. நகரின் மற்றொரு மூலையிலுள்ள கிரேத்தா ஆயர் என்னும் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்பதே பொருள்; மாடு பூட்டிய வண்டிகளில் தண்ணீர் சென்ற காலத்தின் அடையாளம் அது.

அந்நாளில் சுமை இழுக்க எதனைப் பூட்டுவது என்னும் கேள்வி எழாமலா இருந்திருக்கும்? எருமை சேற்றுக்கு அஞ்சாது. ஆயின் அதன் உடலில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயிலில் நெடுநேரம் உழைக்க இயலாது, நீரில் புரள வேண்டும். காளையோ கெட்டியான சாலையில் விரைந்து செல்லும், சேற்றில் தளரும். ஆகவே விலங்கின் வலிமையை மட்டும் பார்த்தால் போதாது, அது மிதிக்கும் நிலத்தையும் பார்க்க வேண்டும்.

இன்று கிராஞ்சி, லிம் சூ காங் வட்டாரப் பண்ணைகளிலும், செடி நாற்றங்கால்களிலும், பரந்த வளாகங்களிலும் மண், மணல், ஜல்லி, எரு, மரச்சில்லு ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லச் சிறு டிராக்டர் உதவுகின்றது. மூட்டையாகக் கட்டாமல் குவித்தும் வாரியும் ஏற்றப்படும் இவற்றை உதிர்பொருள் என்று அழைப்போம். டிராக்டர் வாங்கப் புகுவோர் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைத்திறன்?” என்பதே. இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு மாடு நாள் முழுதும் இழுக்கும்பொழுது ஏறத்தாழ அரைக் குதிரைத்திறன் தரும் என்பர். அவ்வாறாயின் 20 குதிரைத்திறன் டிராக்டர் என்பது இருபது ஏர் மாடுகளுக்குச் சமம். இருபது ஏர் மாடுகளையும் ஒரு சிறு தோட்டத்தின் வாயிலுக்குள் எவ்வாறு நுழைப்பது?

முதற்கேள்வி, பொருளின் எடை யாது என்பது. இதனை வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். ஒரு கன மீட்டர் மரச்சில்லு ஏறத்தாழ 300 கிலோ. மக்கிய எரு 600 கிலோ. கருங்கல் ஜல்லி 1,500 கிலோ. காய்ந்த மணல் 1,600 கிலோ. மழையில் நனைந்த மணலோ 1,900 கிலோ அளவுக்கு ஏறும். டிராக்டரின் முன்னே பொருத்தும் வாளி கால் கன மீட்டர் கொள்வது என்று வைத்துக்கொள்வோம். மரச்சில்லை நிரப்பினால் 75 கிலோ. எருவை நிரப்பினால் 150 கிலோ. ஈர மணலை நிரப்பினால் 475 கிலோ! 25 குதிரைத்திறன் அளவிலான சிறு டிராக்டர்கள் பல, முழு உயரத்திற்குத் தூக்குவது 300 முதல் 400 கிலோ வரையே. எருவுக்கு ஏற்ற வாளி மணலுக்கு ஏற்றதன்று. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறியது, மிக மெல்லிய உதிர்பொருளுக்கும் ஓர் அளவு உண்டு என்பதன்றோ? விற்பனைத் தாளில் தூக்குதிறன் இரு வகையாகக் காட்டப்படலாம்: வாளி பொருந்தும் கீலில் ஓர் எண், அதற்கு அரை மீட்டர் முன்னே ஓர் எண். பின்னது சிறியது, வாளியினுள் சுமை உண்மையில் அமரும் இடத்தை ஒட்டியதும் அதுவே. அதனையே நம்புக.

இரண்டாவது, இடம். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வான்கோழி வளர்க்கும் ஒருவருக்குத் தம் கொட்டகையிலுள்ள எருவை அள்ளுவது பெருந்தொல்லையாயிற்று. தூண்கள் நெருங்கிய கொட்டகை அது, மேல்தளமும் உண்டு. வழக்கமான டிராக்டர் அங்கே திரும்ப இயலாது. மேல்தளம் அதன் எடையைத் தாங்கவும் செய்யாது. லூயி கெல்லர், சிரில் கெல்லர் என்னும் கொல்லுத்தொழில் செய்த சகோதரர் இருவர், நின்ற இடத்திலேயே சுழலும் சிறிய மூன்று சக்கர எந்திரம் ஒன்றை ஆக்கிக் கொடுத்தனர். பின்னர் நான்கு சக்கரம் பெற்று, 1962 முதல் பாப்கேட் என்னும் பெயரில் உலகெங்கும் சென்றது அதன் வழிவந்த எந்திரமே. ஒரு கொட்டகையின் தூணும் தளமும் ஒரு புது வண்டியையே பிறப்பித்துவிட்டன. நம்மவரோ வண்டியை வாங்கி வந்த பின்னர் வாயிலை இடித்து அகலப்படுத்துகின்றனர்.

மூன்றாவது, நிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் களிமண் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கும் டிராக்டரே இங்குத் தக்கது. ஆழ்ந்த வரிகளுடைய உழவுச் சக்கரம் சேற்றைப் பற்றும், ஆனால் புல்தரையைக் கிழித்துவிடும்; அகன்ற தட்டைச் சக்கரம் புல்லைக் காக்கும், சேற்றில் வழுக்கும். இரண்டும் வேண்டுவோர் எதனை விட்டுக்கொடுப்பது என்று முன்னரே துணிய வேண்டும். மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் குலைகளைச் சுமக்கச் சிறு டிராக்டர்கள் வந்த பின்னரும், மென்மையான நிலங்களில் எருமை வண்டி விடாமல் நின்றதற்குக் காரணம் இந்த நிலமே.

இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. முன்வாளி நிறைந்தவுடன் முன்னச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகின்றது. பின்சக்கரங்கள் தரையை அழுத்தும் அழுத்தம் குறைகின்றது. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் தடுப்புக் கருவி பின்சக்கரங்களில்தான் இருக்கும். சரிவில் இறங்கும்பொழுது அந்தச் சக்கரங்கள் தரையைப் பற்றாவிடில் வண்டி நில்லாது. ஆகவே பின்புறம் எதிர்ப்பாரம் கட்டுதல் வேண்டும். வாளியை உயர்த்தியபடி ஓட்டினால் எடைமையமும் உயரும். பக்கச் சரிவில் ஒரு சிறு பள்ளமே கவிழ்க்கப் போதும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காப்பது, இருக்கைக்குப் பின்னே வளைந்து நிற்கும் இரும்புச் சட்டம். புதிய டிராக்டர்களுக்கு இதனைச் சுவீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. சட்டம் இருந்தும் இருக்கைப் பட்டையை அணியாதவர் தூக்கியெறியப்பட்டு அதன் கீழேயே நசுங்கக்கூடும். விலை குறைவென்று சட்டம் இல்லாத பழைய டிராக்டரை வாங்குவது கூடாது.

டிராக்டரே வேண்டாத வேலையும் உண்டு. 1966-இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்பில் பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டிய மண் ஓடும் பட்டைகளின் மீது கடற்கரை சென்றது. எடுக்கும் இடமும் கொட்டும் திசையும் ஆண்டுக்கணக்கில் மாறாத வேலை அது. அங்கே பட்டை வென்றது. அதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கு இருமுறை ஒரு லாரி எரு இறக்கும் தோட்டத்திற்குத் தள்ளுவண்டியும் இரண்டு ஆட்களும் போதும். அல்லது ஓட்டுநரோடு ஒருநாள் வாடகைக்கு அமர்த்தலாம். வாரந்தோறும், வெவ்வேறு பொருளை, வெவ்வேறு மூலைக்குக் கொண்டு செல்பவருக்கே சொந்த டிராக்டர்.

அவ்வாறு வாங்குவோர் உதிரிப் பாகங்களைப் பற்றியும் விசாரித்தல் வேண்டும். உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் பாடியுள்ளார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்ற அச்சம் அவர்களுக்கு. இன்று எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை டிராக்டர் படுத்தேயிருக்கும்; வடிகட்டி, குழாய், சக்கரம் ஆகியவை சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ கிடைக்குமா என்று கேட்டறிக. பின்னர், மழை பெய்த மறுநாள் விற்பவரைத் தம் நிலத்திற்கே எந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஈர மணலை அள்ளி, வாயில் வழியாக நுழைந்து, உள்ள சரிவுகளிலேயே மிகச் செங்குத்தானதில் இறங்கிக் காட்டச் சொல்லலாம். வாளி தாழ்ந்திருக்கட்டும்.