சட்டை மாற்றிய கிருமி

காளஹஸ்தியைத் தொட்டு ஓடும் சுவர்ணமுகி ஆற்றுக்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர். அது கிழக்கே சென்று வங்கக் கடலில் கலக்கிறது. இவ்வாறு ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்களில் இயல்பாக வாழ்வது விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா. காலரா நோயை உண்டாக்குவது இதுவே. ஆயினும், இவ்வினத்தின் எல்லா வகைகளும் கொள்ளைநோயைப் பரப்புவதில்லை. அவற்றை எவ்வாறு பிரித்தறிவது?

நுண்ணோக்கியில் எல்லாமே காற்புள்ளி போல வளைந்து தோன்றும். வேறுபாடு மேற்பரப்பில் உள்ளது. பாக்டீரியாவின் வெளியுறையில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிகளாக நீண்டிருக்கும். உடல் அவற்றை அயற்பொருள் என உணர்ந்து எதிர்ப்பொருள்களை உருவாக்கும். அவ்வாறு உடலைத் தூண்டும் பொருளே ஆன்டிஜென். குறிப்பிட்ட எதிர்ப்பொருள் அடங்கிய ஊநீரைப் பாக்டீரியாக் கலவையில் ஒரு துளி சேர்த்தால், அதற்குப் பொருந்தும் வகை திரளும். பொருந்தாதது கலங்கலாகவே இருக்கும். இச்சோதனையால் 200க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. நெடுங்காலமாகக் கொள்ளைநோயைப் பரப்பியது ‘ஓ1’ என்னும் ஒரே வகைதான். எனவே, ஓ1 ஊநீரில் திரளாத வகைகளைக் கண்டு மருத்துவர்கள் பெரிதும் அஞ்சியதில்லை.

1992 அக்டோபரில் சென்னையில் அந்த நம்பிக்கை தகர்ந்தது. நோயாளிகளிடம் கடுமையான காலரா அறிகுறிகள் இருந்தன. ஆனால் கிருமியோ ஓ1 ஊநீரில் திரளவில்லை. 1993 தொடக்கத்தில் கொல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அதே நோய் பரவியது. முன்பே ஓ1 காலராவை எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் தப்பவில்லை. அதுவரை அறியப்பட்டிருந்த 138 வகை ஊநீர்களில் எதிலும் அக்கிருமி திரளாததால், அதற்கு ‘ஓ139’ எனப் பெயரிட்டனர்.

ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. அது ஓ1 வகையிலிருந்தே தோன்றியது. மேற்பரப்புச் சர்க்கரைகளை அமைக்கும் மரபணுப் பகுதி மட்டும் மாறி, வேறொரு சட்டை அணிந்ததுபோல் ஆகிவிட்டது. நோயைத் தருவது சட்டையன்று, நஞ்சு. குடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேறச் செய்யும் அந்நஞ்சை 1959இல் கொல்கத்தாவில் மெய்ப்பித்தவர் சம்புநாத் டே. புதிய கிருமியிடம் அதே நஞ்சு இருந்தது. உடலின் காவலோ சட்டையைப் பார்த்தே பகையை அறியும், அதனால் ஏமாந்தது.

பின்னர் ஓ139ஐக் கண்டறியத் தனி ஊநீர் உருவாக்கப்பட்டது. 2009இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற, வாய்வழி தரும் காலராத் தடுப்பு மருந்தில் ஓ1, ஓ139 ஆகிய இரண்டும் கொல்லப்பட்ட நிலையில் சேர்க்கப்பட்டுள்ளன.