பேசாத ஆறுதல்

திருபுவனையில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைக் காணச் சென்றோம். நாம் மொழிந்த ஆறுதலால் மலராத அவர் முகம், கட்டிலடியில் கிடந்த நாயை வருடியபோது மலர்ந்தது. நாம் நாணினோம்.

இவ்வுண்மையையே தொண்டாக்கினார் ஜில் ராபின்சன் அம்மையார். 1991-ல் ஹாங்காங்கில் தம் நாய் மாக்ஸைச் சிறுவர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, 'டாக்டர் டாக்' திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் சென்னையில் புளூ கிராஸ் தொண்டர்களும் அவ்வாறே சிறப்புக் குழந்தைகளிடம் நாய்களை அழைத்துச் சென்றனர்.

எல்லா நாயும் இதற்கு ஏற்றதன்று. சாந்த குணமும், வெறிநோய்த் தடுப்பூசியும், நோயாளியின் இசைவும் இன்றியமையாதவை.

அத்தகைய நாய் நம்மூரில் கிட்டாதிருக்கலாம். ஆயினும், அன்பர்களே, அது புகட்டும் பாடம் கிட்டியுள்ளதன்றோ? துன்புறுவோரிடம் செல்வோம், அறிவுரையைக் குறைப்போம், அருகே அமர்ந்து அவர் கரம் பற்றுவோம்.