பல் உறை கழன்றால் பசையைத் தேடாதீர்கள்

தீபாவளி முறுக்கு, சீனப் புத்தாண்டு நியான் காவ், நோன்புப் பெருநாள் டோடோல். சிங்கப்பூரில் எந்தப் பண்டிகை வந்தாலும் பல் உறைக்குச் சோதனைதான். 'கிரவுன்' என்று நாம் சொல்லும் அந்த உறை வாயில் திடீரென்று கூழாங்கல் போல உருளும்போது, பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மேசை இழுப்பறையில் கிடக்கும் சூப்பர் குளூ. தயவுசெய்து வேண்டாம். அது ஈறைப் புண்ணாக்கும். உறை கோணலாக ஒட்டிக்கொண்டால், மருத்துவர் மீண்டும் பொருத்தியிருக்கக்கூடியதை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

“இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு நல்ல பசையாகப் போடக்கூடாதா?” என்று வானொலியில் நேயர்கள் கேட்பதுண்டு. கோபம் நியாயம்தான். ஆனால், உறையைப் பிடித்து வைப்பது பசை மட்டும் அல்ல. செதுக்கிய பல்லின் உயரமும், ஏறக்குறைய நேராக நிற்கும் அதன் பக்கச் சுவர்களும்தான் பிடிமானம். சிமெண்ட் நடுவே இருக்கும் மெல்லிய படலம். கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டுக்கு ஐஎஸ்ஓ தரநிலை அனுமதிக்கும் தடிமன் 25 மைக்ரோன்தான், தலைமுடியைவிட மெல்லியது. அதனால்தான் குட்டையான, பாதி உடைந்த பல்லில் உறை அடிக்கடி கழல்கிறது.

முதல் வருகையில் போடும் தற்காலிக உறை கழன்றால் பதற வேண்டாம். எளிதில் கழற்றுவதற்காகவே அதற்குப் பலம் குறைந்த சிமெண்ட் போடுகிறார்கள். (அவற்றில் பலவற்றில் கிராம்பு எண்ணெயின் யூஜினால் உண்டு. பாட்டி வைத்திய வாசனை வருவது அதனால்தான்.) அப்படியே விட்டுவிடவும் கூடாது. பக்கத்துப் பற்கள் நகர்ந்தால் புது உறை பொருந்தாது.

நிரந்தர உறை பொருத்தியபின் சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசுவது வழக்கம். ஆனால், வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் திரும்பிப் போங்கள். மரத்துப்போன வாயோடு வண்ணத்தாளைக் கடித்தபோது அது தெரிந்திருக்காது. சிறிது தேய்த்தால் சரியாகிவிடும். 'பழகிவிடும்' என்று பொறுத்துக்கொள்வது வீண் வேதனை.

என்னைக் கேட்டால், அதிகம் அஞ்ச வேண்டியது வலிக்காத உறையைப் பார்த்துத்தான். ரூட் கனால் செய்த பல்லில் நரம்பு இல்லை. சிமெண்ட் கரைந்து உள்ளே சொத்தை பரவினாலும் வலி தெரியாது. துர்நாற்றம், கெட்ட சுவை, அழுத்தினால் லேசான ஆட்டம் இவைதான் எச்சரிக்கை. அலட்சியம் செய்தால் ஒருநாள் உறையோடு பல்லும் முறிந்து கையில் வரும்.

கழன்ற உறையைக் கழுவி, சிறிய டப்பாவில் போட்டு, ஓரிரு நாளில் பல் மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒட்டாத உறையை வாயில் வைத்தபடி தூங்காதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். விடாத இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் 995ஐ அழையுங்கள்.

செலவை எண்ணித் தள்ளிப்போடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: சாஸ் திட்டத்தின் பல் சிகிச்சைப் பட்டியலில், கழன்ற உறையை மீண்டும் ஒட்டுவதும் இருக்கிறது. மானியம் அட்டையின் நிறத்தைப் பொறுத்தது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம்.