மஞ்சளா, இல்லையா?

கனகம்மாசத்திரத்தில் திருப்பதி சாலையோர லேப் ஒன்றில் ரத்தம் கொடுத்தவருக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஹெச்.எஸ்.வி.2 ஐஜிஜி 1.04, ஈக்விவோக்கல்’. பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. அன்றைக்குத் தூக்கம் போகும். சில வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேச்சும் நின்றுவிடும்.

அந்த எண் பிறக்கும் இடம் 96 சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் ஹெச்.எஸ்.வி.2 என்ற, உடலுறவில் பரவும் ஹெர்பிஸ் வைரஸின் புரதம் பூசியிருக்கும். அதில் நம் சீரத்தை விடுவார்கள். இந்த வைரஸை உடம்பு முன்பே சந்தித்திருந்தால், அப்போது உண்டான எதிர்ப்புரதம் (ஐஜிஜி) அங்கே ஒட்டிக்கொள்ளும். கழுவி, நொதி சேர்த்து, நிறம் தரும் திரவம் விட்டு, கடைசியில் கொஞ்சம் அமிலம் விட்டால் குழி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று கருவி அளந்து, ஒப்பீட்டுக்கு வைத்த குழியின் அளவால் வகுக்கிறது. 0.9க்குக் கீழே ‘இல்லை’, 1.1க்கு மேலே ‘உண்டு’. பெரும்பாலான கிட்களின் கணக்கு இது. 1.04 வரப்பு மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.

வரப்பைத் தாண்டினாலும் உறுதியில்லை. ஹெச்.எஸ்.வி.2க்கு 3க்குக் குறைவாக வரும் பாசிட்டிவ்களில் பாதிக்கு மேல் மறுசோதனையில் நிற்கவில்லை என்று ஆய்வு சொல்கிறது. வேறொரு முறையில் உறுதிசெய்யச் சொல்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி.

இப்படி மறுபடி உறுதிசெய்வது நமக்குப் புதிதல்ல. 1986ல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் எச்.ஐ.வி.க்குச் சோதித்தபோது ஆறு மஞ்சளாயின. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் உறுதியானது.

எனக்குக் கோபம் ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்புரதத்தைத் தேடும் ஹெர்பிஸ் சோதனை மீதுதான். கர்ப்பிணிகளுக்கு எழுதித்தரும் ‘டார்ச்’ சோதனைத் தொகுப்பில் அதுவும் சேர்ந்து வரும். புதுத் தொற்றா, பழையதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வீண் செலவு, வீண் பயம்.

குயவர் காவியால் எழுதும் அக்கியோடும் ஹெச்.எஸ்.வி.2ஐக் குழப்ப வேண்டாம். அது பெரும்பாலும் சின்னம்மை வைரஸ் மறுபடி தலைதூக்குவது. இதற்குத் தூரத்துச் சொந்தம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படும் நாளிலிருந்து 12 வாரம் கழித்து ஐஜிஜியை மறுபடி எடுங்கள். எதிர்ப்புரதம் தேறி வர அவ்வளவு நாள் பிடிக்கலாம். கொப்புளமோ புண்ணோ வந்தால் ரத்தத்தை விட்டுவிட்டு, காய்வதற்கு முன்பே அதிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பி.சி.ஆர். செய்யச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் ரிப்போர்ட்டை மறைக்காதீர்கள்.

ஒருவேளை பாசிட்டிவே ஆனாலும், எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. வைரஸ் நரம்பில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் விசாரணை நடத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்கென்றே ‘சுகவாழ்வு மையம்’ இருக்கிறது. ஆலோசனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. ரிப்போர்ட்டை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.